ஆலங்குடாவில் எடுத்த பிறைப் படம்

என் போனில் ஒரு படம் இருக்கிறது. அது வந்த பிறகு போனை மாற்றிவிட்டேன். பழையதிலிருந்து புதியதற்கு இந்தப் படத்தையும் கொண்டுவந்தேன். மேலே கறுப்பாக மாறப்போகும் நீலம். கீழே கடல் என்று ஊகிக்கக்கூடிய ஒரு பட்டை. இடையில், தூண்டில் நைலோன் நூலை ஓர் அங்குலம் வெட்டி வளைத்துவிட்டது போல ஒரு பிறை. பெருப்பித்துப் பார்த்தால் அந்த நூலுக்குள்ளே நிலவின் குழிகள் கூடத் தெரிகின்றன. நல்ல படம். இதைவிட மங்கலான படங்களை நான் பத்திரிகைக்கு அனுப்பி, அவை முதற்பக்கத்தில் வந்திருக்கின்றன. இதை மட்டும் நான் எங்கும் அனுப்பவில்லை. படத்தை எனக்கு அனுப்பியவர் அதன் கீழே எழுதியிருந்தார்: “வச்சிருங்க நானா. அழிக்க வேணாம். காட்டவும் வேணாம்.”

எழுதியவர் கொம்பியூட்டர் சேர். எத்தாளைப் பக்கம் ஒரு பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பித்தார். எங்கள் ஊரில் சேர்மார் பலர் உண்டு. ஆனால் வெறுமனே ‘சேர்’ என்றால் அது இவரைத்தான் குறிக்கும். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர்; அண்ணன் முறையில் என்னை ‘நானா’ என்பார். நீளக் கைச் சட்டையை ஒரு மடிப்பு மட்டும் மடித்துவிட்டிருப்பார். ஹெல்மெட்டைக் கழற்றினால் கதிரையில் வைக்கமாட்டார். முழங்கையில் மாட்டிக்கொண்டே நின்று கதைப்பார், எந்த நேரமும் புறப்படத் தயாரான ஆள் போல. தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது உம்மாவின் மடியில் வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கிய பிள்ளை. கிடுகுக் கொட்டிலில் வளர்ந்து, படித்து, எங்கள் ஊரில் பெண்ணெடுத்தார். அதன் பிறகும் ஊர் தன் கணக்கை அவ்வளவு லேசில் மாற்றவில்லை. முகத்துக்கு நேரே யாரும் எதுவும் சொல்வதில்லை. அவர் எழுந்து போன பிறகு, “நல்ல மனிசன்தான், வந்த ஆக்கள் எண்டாலும்” என்பார்கள். அந்த ‘எண்டாலும்’ அவருக்கும் தெரிந்திருந்தது.

செயற்கை நுண்ணறிவு என்ற சொல் எங்கள் ஊருக்குள் வந்தது ஒரு புரியாணிக் கதையால். ஒரு நாள் ஊர்க் குரூப்பில் பள்ளிவாசல் தலைவரின் குரலில் ஒரு பதிவு வந்தது: அசர் தொழுகைக்குப் பிறகு தன் வீட்டில் எல்லோருக்கும் புரியாணி, பாத்திரம் கொண்டு வரவும். தலைவரின் இருமல் கூட அதில் இருந்தது. அசருக்குப் பிறகு அவர் வீட்டு கேற்றடியில் சட்டியும் வாளியுமாக ஆட்கள் கூடிவிட்டார்கள். தலைவர் சாரத்தோடு வெளியே வந்து, யாரோ நீட்டிய போனில் தன் குரலைத் தானே கேட்டார். பிறகு சேரைக் கூப்பிட்டு அனுப்பினார். “குரல் என்டதான் சேர். கதை என்டது இல்ல. இது என்ன சாமானெண்டு இந்தச் சனத்துக்கு ஒருக்காச் சொல்லிக் குடுங்க. அடுத்த முறை என்ட குரலில என்ட வீட்டையே எழுதிக் குடுத்திருவானுகள்.” புரியாணி கேட்டு வந்தவர்களில் பாதிப் பேராவது வெறும் கையோடு திரும்பியதற்கு இன்றைக்கும் தலைவரிடம் கோபமாகத்தான் இருக்கிறார்கள் என்பது வேறு விடயம்.

இப்படித்தான் மதரசா மண்டபத்தில் அந்தக் கூட்டம் நடந்தது. குறிப்பெடுக்கப் போனேன், பிறகு பேனாவை மூடிவிட்டேன். சேர் பெரிய சொற்களைத் தொடவில்லை. இதை ஒரு புத்தியுள்ள ஆள் என்று நினைக்க வேண்டாம் என்றார். கணக்கில்லாத படங்களையும் பேச்சையும் எழுத்தையும் காட்டிக் காட்டிப் பழக்கிய ஒன்று; இதற்குப் பிறகு அநேகமாக என்ன வரும் என்று சொல்லப் பழகிய ஒன்று. போனில் ஒரு சொல்லை எழுதினால் அடுத்த சொல்லை அது நீட்டுவதும், வெள்ளைக்காரனின் பாஷையை ஆலங்குடாப் படகுக்காரருக்கு மாற்றிச் சொல்வதும், கண்ணின் படத்தைப் பார்த்துச் சீனி வியாதி தாக்கியிருக்கிறதா என்று வைத்தியருக்குக் காட்டிக்கொடுப்பதும், புரியாணிக்கு அழைப்பதும் ஒரே வேலையின் பல முகங்கள் என்றார். தன் பாடசாலையில் கண் தெரியாத ஒரு மாணவிக்குப் போன்தான் பாடப் புத்தகத்தை வாசித்துக் காட்டுகிறது என்று சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் மாறியது. இதை ஹராமாக்கி ஒதுக்கினால் அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்று கேட்டார். பள்ளி மௌலவி ஆமோதித்துத் தலையை அசைத்தார். தலைவர் அசைக்கவில்லை.

அதன் பிறகு ஒரு காரியம் செய்து காட்டினார். முழுநிலவின் படமொன்றை, சுண்ணாம்பு அப்பியது போலத் தெரியும்வரை வேண்டுமென்றே மங்கலாக்கித் திரையில் போட்டார். யன்னல்களைச் சாத்தச் சொன்னார். மண்டபத்தின் கடைசியில் போய் நின்று, தன் போனில் அந்த மங்கலைப் படம் எடுத்தார். எடுத்த படத்தைத் திரையில் காட்டியபோது அதில் நிலவின் குழிகளும் மேடுகளும் துல்லியமாக இருந்தன. திரையில் இல்லாத குழிகள். “இது நிலவெண்டு போனுக்குத் தெரிஞ்சிட்டு. நிலவெண்டா குழி இருக்கோணும். அதால வச்சிருச்சு,” என்றார் சேர். “இது பாக்கிறதில்ல. எதிர்பாக்கிறது. அதால இனி எந்தப் படத்தப் பாத்தாலும், எந்தக் குரலக் கேட்டாலும் ஒரு கேள்வி கேளுங்க. இது கண்டதா, நிரப்பினதா?”

பின்வரிசையிலிருந்து அவருடைய மச்சான், மனைவியின் தம்பி, எழும்பினார். ஆலங்குடாவில் டொல்பின் பார்க்கக் கூட்டிப் போகும் படகு வைத்திருப்பவர். “அப்ப மச்சான், இந்தப் போன் டொல்பினையும் நிரப்பித் தருமா? ரெண்டு நாளா ஒண்டும் வெளிய வரல்ல. வெள்ளக்காரி காசத் திருப்பித் தா எண்டு நிக்கிறா.” சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் சேர் தன் விருப்பத்தை வெளியே சொன்னார்: கிழமைக்கு ஒரு நாள் இந்த மண்டபத்தைத் தந்தால், பெரியவர்களுக்கும் பெண்களுக்கும் இதையெல்லாம் தொடர்ந்து படிப்பிக்கலாம். காசு வேண்டாம். தலைவர் சாவிக் கொத்தை விரலில் சுற்றிக்கொண்டு, “நோன்பு வரப்போகுது. தலை நோன்பு கழியட்டும், பாப்பம்,” என்றார். எங்கள் ஊரில் ‘பாப்பம்’ என்பதற்கு அரைவாசி ஓம், அரைவாசிச் சம்மதம், என்று பொருள். சேர் அந்த அரைவாசியை வைத்துக்கொண்டு அடுத்த கிழமையே பாடத்திட்டம் எழுதத் தொடங்கிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த நாட்களில் எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. வெங்காயச் செய்கைக்குத் தண்ணீர் போதாத செய்தியொன்றைக் கொழும்புக்கு அனுப்பியிருந்தேன். அச்சில் வந்தபோது அளவாகவும் பிழையில்லாமலும் சுருக்கப்பட்டிருந்தது. கடைசியில் ‘இதனால் பிரதேச மக்கள் பெரும் கவலையில் ஆழ்ந்துள்ளனர்’ என்று ஒரு வரி. அந்த வரியை நான் எழுதவில்லை. உதவி ஆசிரியருக்குப் போன் எடுத்துக் கேட்டேன். இப்போது சுருக்குவது மெஷின்தான் என்றார். “அந்த வரி எங்கிருந்து வந்தது?” என்றேன். “வழமையாக் கவலப்படுவாங்கதானே,” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அந்த விவசாயிகள் கவலைப்பட்டுத்தான் இருந்தார்கள். நான் கேட்டு எழுதாத கவலை அது, அவ்வளவுதான். இவ்வளவு வருடமும் நான் செய்த தொழிலுக்கும் அந்த வரிக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று அளந்து பார்க்க முயன்றேன். சரியாக அளக்க முடியவில்லை.

பிறகு ஷஃபான் மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் வந்தது. அன்று சூரியன் மறைந்த பின் மேற்கு வானத்தில் தலைப்பிறை தெரிந்தால் மறுநாள் ரமழான் நோன்பு தொடங்கும். தெரியாவிட்டால் இன்னொரு நாள் பொறுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பிறை பார்க்க ஆலங்குடாக் கரைதான். மேற்கே கடலைத் தவிர மறைப்பு எதுவும் இல்லை. பார்த்தவர் பள்ளிக்கு வந்து, மௌலவியின் முன் கண்ணால் கண்டேன் என்று சாட்சி சொல்ல வேண்டும். தலைப்பிறைக்கு நம்பிக்கையான ஒருவரின் சாட்சி போதும். அதைப் பள்ளி கொழும்பிலுள்ள பிறைக் குழுவுக்கு அறிவிக்கும், முடிவு அங்கே. நாள் கணிப்பு போனிலேயே வந்துவிடும் காலத்திலும், மனிதன் ஒருவன் கடற்கரையில் நின்று தன் கண்ணால் கண்டேன் என்று சொல்வதற்குத்தான் ஊர் காத்திருக்கிறது. அந்தச் சாட்சியாக இருப்பது எங்கள் ஊரில் சின்ன விடயமில்லை. இன்னாருடைய வாப்பா இன்ன வருடம் பிறை கண்டவர் என்று கலியாணப் பேச்சில் கூடச் சொல்வார்கள்.

அன்று கரையில் காற்றுக் கடுமை. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கி விளையாட வந்த வெளிநாட்டுக்காரர் தங்கள் பட்டங்களை மடித்துக்கொண்டிருந்தார்கள். அடிவானத்தை ஒட்டி உப்புப் புகார், மூடுபனி போல. சேர் இருந்தார், அவருடைய மச்சான் இருந்தார், ஊரவர் சிலர் கலைந்து கலைந்து நின்றார்கள். மணலில் மஃரிப் தொழுதோம். எழும்பியதும் எல்லோரும் மேற்கைப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் சேர் “அந்தா” என்றார். அவர் கை நீண்ட திசையில் நான் பார்த்தேன், புகார்தான் தெரிந்தது. “அந்தா நானா, அந்த முகில்ட வாலுக்கு மேல,” என்றார் மறுபடியும். மச்சான் முதலில் சேரின் போனை எட்டிப் பார்த்தார், பிறகு வானத்தை, பிறகு மீண்டும் போனை. “சுபுஹானல்லாஹ், ஓம்,” என்றார். “எனக்குத் தெரியல்ல,” என்றேன். “பேப்பர்காரருக்கு நாளைக்கு அச்சில வந்தாத்தான் தெரியும்,” என்று மச்சான் சிரித்தார். நாங்கள் மணலை விட்டு ஏறுவதற்குள் அவருடைய குரல் ஊர்க் குரூப்பில் ஓடிக்கொண்டிருந்தது: “பிறை கண்டாச்சு. எங்கட சேர் கண்டாரு.”

சேரின் மோட்டார்சைக்கிளின் பின்னால் நான் இருந்தேன். வழி நெடுக வாசல்களில் வெளிச்சம் போட்டிருந்தார்கள். சந்தியில் தேத்தண்ணிக் கடைக்காரர் எழும்பி நின்று அவருக்கு சலாம் சொன்னார். அதற்கு முன்னால் அந்த ஆள் எழும்பி நான் கண்டதில்லை. சேர் பதில் சலாம் சொன்னார். ஆனால் வேகம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு வெங்காயத் தோட்டத்து வேலியோரம் சைக்கிளை நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். போனை எடுத்து, படத்தைப் பெருப்பித்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார். “நானா, நீங்க பாத்துக்கொண்டுதானே நிண்டீங்க. நான் முதல் அந்தா எண்டு சொல்லக்குள்ள, என்ட போன் எங்க இருந்திச்சு?”

பார்த்ததைச் சொல்வது என் தொழில். “கண்ணுக்கு முன்னால,” என்றேன்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி முழங்கையில் மாட்டி, திரும்பவும் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

பள்ளி முற்றம் நிரம்பியிருந்தது. உள்ளே மௌலவியும் தலைவரும் இன்னும் சிலரும். வழிவிட்டார்கள், ஒரு வயோதிபர் சேரின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். அந்தப் பள்ளியில் அவரை முன்வரிசைக்கு அழைத்தது அன்றுதான் முதற்தடவை என்று நினைக்கிறேன். மௌலவி அமைதியாகக் கேட்டார்: “கண்ணால கண்டீங்களா சேர்?” சேர் வாய் திறக்குமுன் தலைவர் குறுக்கிட்டார். அவர் முகத்தில் குரோதம் எதுவும் இருக்கவில்லை, கொஞ்சம் குறும்புதான். “பொறுங்க மௌலவி. சேர் எங்களுக்குச் சொல்லித் தந்த கேள்விய நாங்க சேர்ட்டயே கேக்கோணும். கண்டதா, நிரப்பினதா?” வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

சேர் சிரிக்கவில்லை. ஓம் என்ற ஒரு சொல் அவருக்கு அப்போது என்னவெல்லாம் தந்திருக்கும் என்று முற்றத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும். மண்டபத்தின் சாவி. முன்வரிசை. அந்த ‘எண்டாலும்’ இல்லாத ஒரு பெயர். அவர் காலடியைப் பார்த்துக்கொண்டு, வகுப்பில் பேசும் அதே குரலில் சொன்னார்: “முதல் போனிலதான் கண்டன். அதுக்குப் பிறகு வானத்தில கண்ட மாதிரி இருந்திச்சு. என்ட கண் தானாக் கண்டதெண்டு அல்லாஹ்வுக்கு முன்னால சொல்ல எனக்கு ஏலா, மௌலவி.”

மௌலவி அவரைப் பார்த்தார், பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். மச்சான் கண்டதும் அதே போனைப் பார்த்த பிறகுதான் என்பதால் அவரிடமும் சாட்சி கேட்கவில்லை; கொழும்புக்கு அழைப்பு எடுக்கப்படவில்லை. முற்றத்தில் முதலில் ஒரு முணுமுணுப்பு, பிறகு பல. மச்சான் எல்லோருக்கும் கேட்கும்படியே கேட்டார்: “என்ன மச்சான், என்னையும் சேத்தா கோமாளியாக்கணும்? ஊர் முழுக்கச் சொல்லிட்டனே.” யாரோ இருட்டில், “வந்த ஆக்கள்ட சாட்சியக் கேக்கப் போனா இப்படித்தான்,” என்றார். குரல் எனக்குத் தெரிந்த குரல். சேர் அதைக் கேட்டார் என்பதும் எனக்குத் தெரியும். அவர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்யப் போனபோது தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கையை நீட்டாமல் நின்றார்.

இரவு இஷாத் தொழுகைக்குச் சற்றுப் பிறகு வானொலி அறிவித்தது. வேறொரு கரையில் பிறை கண்டிருக்கிறார்கள், நாளை நோன்பு.

அந்தக் கணத்தைப் பற்றி எத்தனையோ தடவை எழுத உட்கார்ந்து எழும்பியிருக்கிறேன். முற்றம் கலகலத்தது. மச்சான் தலைநிமிர்ந்துவிட்டார்: “நாங்க கண்டதுதானே.” அதே ஆட்கள் இப்போது வேறு விதமாகச் சிரித்தார்கள். கண்ட பிறையைக் காணவில்லை என்று சொன்ன மனிதர். தன் கண்ணையே நம்பாத வாத்தியார். இல்லாததைக் கண்டேன் என்று சொல்லியிருந்தால் ஊர் திட்டியிருக்கும், பிறகு மறந்திருக்கும். இருந்ததைக் கண்டேன் என்று சொல்லாமல் விட்டவரை என்ன செய்வது என்று ஊருக்குத் தெரியவில்லை. தராவீஹ் தொழுகையில் அவர் எனக்கு முன்னால் நின்றார். சட்டைக் கை ஒரு மடிப்பு, வழமை போல.

தலைவர் மண்டபத்தை மறுக்கவில்லை. நோன்பு முடியட்டும் என்றார், பெருநாள் கழியட்டும் என்றார், ஹஜ்ஜுக்குப் போனவர்கள் வரட்டும் என்றார். சாவி அவர் விரலிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. சேர் இரண்டாம் தடவை கேட்கவில்லை. அவர் பாடசாலையை விட்டு கட்டாருக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு வீட்டுக்குப் போனேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். அப்போதும் நிருபன் போலத்தான் கேட்டேன்: அன்று உண்மையில் கண்டீர்களா? அந்த மெலிந்த பிறையையும் போன் நிரப்புமா என்பதைத் தான் தேடிப் பார்த்ததாகச் சொன்னார். போனைச் செய்தவர்கள் அதைத் திட்டமாக எங்கும் சொல்லவில்லையாம். “போன மட்டும் பாத்திருந்தா கண்டனெண்டு சொல்லியிருப்பன் நானா. வானத்த மட்டும் பாத்திருந்தாலும் சொல்லியிருப்பன். நான் ரெண்டையும் பாத்திட்டன்.” பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து சிப்பை இழுத்தார். அன்றிரவு என் போனுக்கு அந்தப் படம் வந்தது.

இப்போது அங்கே செய்யும் வேலையை அவர் ஒரு நாள் போனில் சொன்னார். மெஷினைப் பழக்குவதற்காகப் படங்களுக்குப் பெயர் வைக்கும் வேலை. திரையில் ஒரு படம் வரும். இதில் மனிதன் இருக்கிறானா, வாகனம் இருக்கிறதா, ஓம், இல்லை. அடுத்தது. நாள் முழுக்க. உலகத்தின் எங்கோ ஒரு போன் எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதை எங்கள் சேரின் விரலும் சேர்ந்து தீர்மானிக்கிறது. “வேலை எப்பிடி?” என்றேன். “லேசு,” என்றார். பிறகு, “தெரியாது எண்டு ஒரு பட்டன் இல்ல நானா. அதுதான் கஷ்டம்,” என்றார். மங்கலான படங்களுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஏதாவது ஒன்றைத்தான் அமத்த வேண்டும் என்றார். அமத்தாவிட்டால் அடுத்த படம் வராது.

இந்த வருடமும் ஆலங்குடாவுக்குப் போனேன். முன்பு சிலர் நின்ற கரையில் இப்போது கூட்டம். எல்லோருடைய கையும் உயர்ந்திருந்தது. திரைகளின் வெளிச்சம் முகங்களில் விழ, வானம் அவர்களிடமிருந்து பின்வாங்கியது போல இருந்தது. நான் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு மேற்கைப் பார்த்தேன். புகாருக்கு மேல், ஒரு முகிலின் ஓரத்தில், மெலிதாக என்னவோ வளைந்து கிடந்தது. கண்ணைச் சிமிட்டினால் போனது; மீண்டும் வந்தது. அப்போதுதான் கவனித்தேன், என் கை எனக்குச் சொல்லாமலே பைக்குள் போயிருந்தது. கையை வெளியே எடுத்தேன். பக்கத்தில் சேரின் மச்சான் நின்றிருந்தார், தாடி நரைத்துவிட்டது. “பேப்பர்காரரே, கண்டீங்களா?” என்றார். பள்ளியில் மௌலவி காத்திருப்பார்.

“தெரியா,” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தன் போனைத் தாழ்த்தி, அணைத்து, சாரத்து மடியில் செருகிக்கொண்டு மேற்கே பார்க்கத் தொடங்கினார். நானும் பார்த்தேன். அழிக்காத, காட்டாத அந்தப் படம் என் பைக்குள் கனத்தது.